காந்தம் ஒட்டாத கார்

பெயின்டர் வேலையில் நான் செய்த ஆகப் பெரிய மடத்தனம் திருவனந்தபுரம் கரமனையில் நடந்தது. தொண்ணூறுகளில் அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் ஹெட் பெயின்டர். ஒருநாள் பொன்முடி எஸ்டேட்டிலிருந்து ஒரு பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் புதுசாகப் பெயின்ட் அடிக்க லாரியில் வந்து இறங்கியது. ரெண்டே சீட், நீண்ட மூக்கு, மங்கிப்போன சிவப்பு. அப்படியொரு வண்டியை நாங்கள் யாரும் தொட்டதே இல்லை.

எந்த வண்டி வந்தாலும் முதலில் காந்தம் வைத்துப் பார்ப்போம். அது ஒட்டாத இடத்தில் தகரம் போய், பட்டி அப்பியிருக்கிறது என்று அர்த்தம். இந்த வண்டியில் எங்கே வைத்தாலும் ஒட்டவில்லை. முழுக்கப் பட்டி, எவனோ ஏமாற்றியிருக்கிறான் என்று நானே தீர்ப்புச் சொல்லி வலது கதவில் ரிமூவரைத் தடவினேன். பெயின்ட் சுருண்டு வந்தது. தகரத்துக்குப் பதிலாக அடியில் வெள்ளை நார் தெரிந்தது. விழிஞ்ஞத்தில் மீன்பிடி வள்ளத்துக்குப் போடுகிற அதே ஃபைபர். வண்டியின் பாடியே ஃபைபர்தான், ரிமூவர் அதையும் அரித்துவிடும் என்று அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

சாயங்காலம் வண்டியின் சொந்தக்காரருடைய மகள் கிரேஸ் டீச்சர் வந்தார். வந்ததும் பெயின்டுக்கு அடியில் நம்பர் ஏதாவது கண்டேனா என்று கேட்டார். அமெரிக்காவில் ஒரு கார் டீலர் தன் ஷோரூமுக்கு விளம்பரமாக ரேஸில் ஓட்டிய வண்டி இது என்று அவர் அப்பா சொல்வாராம். கொச்சியில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு அமெரிக்க இன்ஜினியரிடம் வாங்கியதாம். பிள்ளைகள் ஒருவரும் நம்பவில்லை.

“அப்பா புளு அடிக்காருன்னு நாங்க சிரிச்சோம். இப்ப அதைப் பத்திப் பேசறதையே விட்டுட்டாரு. அடுத்த வாரம் அவருக்கு ஹார்ட் ஆபரேஷனாக்கும். அதுக்கு முன்னால எனக்குத் தெரியணும்.”

மறைக்க மனசு வரவில்லை. வலது கதவைக் காட்டி, என்ன இருந்திருந்தாலும் நான் அழித்துவிட்டேன் என்றேன். டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இடது கதவு மிச்சம் இருந்தது. ரெண்டு நாள் வேறு வேலை எடுக்கவில்லை. நைஸ் வாட்டர் பேப்பரை நனைத்து, ஒரு கோட் போனதும் நிறுத்திப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். சிவப்பு போனது, பிரைமர் போனது. பிறகு வெள்ளை வட்டம், அதற்குள் கறுப்பில் 9. கீழே நீல எழுத்துகள் பாதி தெரிந்தன. ஏதோ அமெரிக்க ஊரின் பெயரும் கார் விற்கிற கடை என்பதும் இருக்கிறது என்று டீச்சர்தான் படித்தார். படித்துவிட்டு அங்கேயே அழுதார்.

மறுநாள் அப்பாவைக் கூட்டிவந்தார். பெரியவர் அந்த ஒன்பதைத் தடவிப் பார்த்தார். நம்பர் போட்ட வண்டியில் சர்ச்சுக்கு வரமாட்டேன் என்று மனைவி அடம்பிடித்ததால், தானே சிவப்பு அடித்து மறைத்ததாகச் சொன்னார். இதை இப்படியே விட்டுவிடலாம், அண்ணன்மாரும் வந்து பார்க்கட்டும் என்றார் டீச்சர்.

“வேண்டாம் மோளே. நீ கண்டாயில்லா, அது போதும்.” என் பக்கம் திரும்பினார். “நீ பெயின்ட் அடிச்சோடே. அவளுக்கு நம்பர் பிடிக்காது.”

அவர் மனைவி இறந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

நானே பிரைமர் அடித்தேன். ஒன்பது மறையும்வரை இருவரும் நின்று பார்த்தார்கள். பெயின்ட் வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளே, ஒரு வண்டியில் எதை வைக்க வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியது நாம் இல்லை. கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.