மாமாவின் வாள் வியாபாரம்

உம்மாவின் தம்பி, என் மாமா, வாய் கூசாமல் பொய் சொல்வார். விசிட் விசாவில் ஷார்ஜா வந்து எங்கள் வீட்டு சோபாவில் படுத்துக்கிடந்தார். வாப்பாவுக்குச் சூக் கடைத்தெருவில் பரிசுப்பொருள் கடை. சுவரில் வளைந்த வாள் ஒன்று இரண்டு வருடமாக விலைபோகாமல் தொங்கியது.

"அத வித்துக் காட்டு மச்சான். அப்புறம் வேலை விசா பத்திப் பேசலாம்" என்றார் வாப்பா. விற்காவிட்டால் மாமா ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒன்பது நாள் மிச்சமிருந்தது.

அந்த வாளை ஆங்கிலத்தில் ஸிமிடர் என்பார்கள். பிரெஞ்சில் சிம்தேர், இத்தாலியனில் ஷிமிதாரா. மாமா இதை எங்கோ பொறுக்கிக்கொண்டு வந்து, இத்தாலிக்காரர் வந்தால் இது உங்கள் சொல், இங்கிலாந்துக்காரன் திருடிவிட்டான் என்பார். இங்கிலாந்துக்காரரிடம் அப்படியே திருப்பிப் போடுவார். எல்லோரும் சிரித்துவிட்டு ஒட்டகப் பொம்மை வாங்கிப் போனார்கள்.

எனக்குப் பத்து வயது. பொய்யைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். பள்ளி நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு பிரெஞ்சு அம்மா வந்தார். உங்கள் நாட்டில் பிறந்த சொல் என்று மாமா ஆரம்பித்ததும் நான் குறுக்கே விழுந்தேன். இல்லை, அது இத்தாலியிலிருந்து பிரான்சுக்குப் போனது, அதற்கும் முன்னால் பாரசீகத்தின் ஷம்ஷீராக இருக்கலாம், யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று பள்ளிக்கூட இங்கிலீஷில் கொட்டினேன்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா புள்ளே" என்று மாமா பல்லைக் கடித்தார்.

அந்த அம்மா குனிந்து, வாள் பழையதா என்று என்னிடமே கேட்டார். இந்தியாவில் மொராதாபாத் பட்டறையிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்தது, என் வயதுகூட ஆகவில்லை என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அதைக் கட்டித் தரச் சொன்னார்.

மாமா அவர் போன திசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

வாப்பா சொன்னபடி விசா எடுத்தார். புதிதாக ஆறு வாள்களும் வந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமா ஷவர்மா வாங்கிக் கொடுத்து என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். ஆள் வந்ததும் அதே பொய்யை, முன்னைவிடச் சத்தமாகச் சொல்வார். நான் திருத்துவேன். வாள் போகும்.

"எத்தன தடவ சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில ஏறல. உங்க தம்பி சரியான மக்கு, ம்மா" என்று உம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

மீன் அரிந்துகொண்டிருந்த உம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.