மொட்டைத் தலையோடு மலைக்குப் போனவர்

ஓரகத்தியைப் புகழ்ந்து எழுதுகிற பெண் உலகத்தில் உண்டா என்று என் மகள் கேட்கிறாள். உண்டு, இதோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதிக்கும் எனக்கும் சண்டை வராத நாள் கிடையாது. குழம்பில் உப்பு, கிணற்றடியில் முறை, மாட்டுக்குத் தவிடு யார் வைப்பது என்று எல்லாவற்றுக்கும் வரும். ஆனாலும் அவளைப் போல ஒரு மனுஷியை நான் அப்புறம் எங்கேயும் பார்க்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

நான் அரக்கோணம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஊர், பாலசமுத்திரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த பிறகு, எல்லையை எங்கே போடுவது என்று பெரியவர்கள் பேசி முடிக்காத வருஷங்கள் அவை. நகரியிலும் புத்தூரிலும் கூட்டம் போட்டார்கள், கொடி பிடித்தார்கள். எங்கள் தெருவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. இங்கே இரண்டு பேர் சண்டை போட்டால் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள், திட்டுவதற்கு எது வசதியோ அது.

தெருவுக்கு வந்த கஷ்டம் வேறு. பட்டப்பகலில் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் கொடியில் காய்ந்த புடவை போயிற்று. அடுத்து கிணற்றடியில் வைத்திருந்த தவலை, அதற்கடுத்து ராட்டினத்துக் கயிறு. ஆம்பளைகள் எல்லாரும் கழனியில் இருப்பார்கள். நாங்கள் பின்பக்கம் மாட்டோடும் அடுப்போடும் கிடப்போம், தெருக்கதவு திறந்தே இருக்கும். கடைசியில் எதிர்வீட்டுக்காரியின் பித்தளை அண்டாவும் போனது. அவள் தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவந்தது, இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். அதை யார் எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அண்டாவும் திரும்பி வரவில்லை.

என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஆந்திரப் பக்கத்து ஸ்டேஷனில், "உங்க ஊரு மெட்ராஸுக்குப் போயிடும்போலக் கீது, கொஞ்சம் பொறுத்துப் பாருங்க" என்றார்களாம். அந்தப் பக்கம் போனால், "நீங்க இன்னும் ஆந்திராதானேப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இரண்டு பேரும் வெயிலில் கறுத்து வந்து சேர்ந்தார்கள். கேட்டுக்கொண்டே சோறு போட்ட என் ஓரகத்தி, "எல்லை போட்டு முடிக்கிற வரைக்கும் அண்டாவைத் தொடாதேன்னு திருடன் கிட்டயும் சொல்லி வெச்சாங்களா?" என்று கேட்டாள். அண்ணன்காரர் மோரை ஊற்றச் சொன்னார்.

அன்று சாயந்திரம் ஆம்பளைகள் கூடிப் பேசி, தெருவுக்குள் அந்நியன் யார் வந்தாலும் நிறுத்திக் கேட்பது, சரியான பதில் இல்லையென்றால் அடித்து அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது புரட்டாசி மாதம். எங்கள் ஊர் வழியாகத்தான் தெற்கத்தி ஜனங்கள் திருப்பதிக்கு நடந்து போவார்கள். மஞ்சள் துணி கட்டி, நெற்றியில் நாமம் இட்டு, நாமம் போட்ட சொம்பில் துளசி சுற்றிக்கொண்டு, வீட்டுக்கு வீடு "கோவிந்தா" என்று கூவிப் பிச்சை கேட்பார்கள். அப்படிச் சேர்ந்ததைப் பெருமாள் உண்டியலில் போடுவது அவர்கள் வேண்டுதல். காசு பணம் உள்ளவர்களும் அந்த மாதத்தில் பிச்சைதான் எடுப்பார்கள். வாசலில் கோவிந்தா சொன்னவரை நீ யார் என்று கேட்பதைப் போலப் பாவம் வேறில்லை. திருடனுக்கு அதைவிட நல்ல மாதமும் வேறில்லை.

என் ஓரகத்திதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கிணற்றடியில் பெண்களை நிற்கவைத்து, "வர்றவங்கள நிறுத்தாதீங்க, ஒண்ணும் கேக்காதீங்க. தனியா வுடாதீங்க, அவ்ளோதான்" என்றாள்.

முதல் வீட்டுக்காரி அரிசியோ சில்லறையோ போட்டுவிட்டு, தானும் படி இறங்கி அவர்களோடு அடுத்த வீடு வரைக்கும் நடக்க வேண்டும். "சாமி வந்துகீறாங்க" என்று குரல் கொடுத்து, அந்த வீட்டுக்காரி வெளியே வந்த பிறகுதான் திரும்ப வேண்டும். அவள் அதற்கடுத்த வீட்டில் கொண்டுபோய் விடுவாள். இப்படியே தெருக்கோடி வரைக்கும் கைமாற்றி அனுப்ப வேண்டும். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் அடுப்பில் கீரை தீய்ந்ததுதான் மிச்சம் என்று அவள் காதில் விழும்படியே முணுமுணுத்தேன். ஆனால் ஒரு துரும்பு காணாமல் போகவில்லை. வந்தவர்களுக்கோ அது பெரிய உபசாரமாகத் தெரிந்தது. வேலூர் பக்கத்துக் கூட்டம் ஒன்றை நடத்தி வந்த பெரியவர், "இம்மாந்தூரம் நடந்து வந்தோம்மா, இப்படிக் கூடவே வந்து வழியனுப்புற ஊரை எங்கியும் பாக்கல" என்று கண் கலங்கினார். என் ஓரகத்தி முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "எங்க ஊரு வழக்கம் சாமி" என்றாள். அந்த வழக்கம் பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நான் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை மத்தியானம் ஒருவர் கூட்டம் எதுவும் இல்லாமல் தனியாக வந்தார். முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும். மஞ்சள் துண்டு, நாமம், சொம்பு எல்லாம் சரியாக இருந்தன. கோவிந்தா மட்டும் தொண்டையிலேயே நின்றது. எங்கள் வாசலில் நானும் ஓரகத்தியும் நின்றோம். அவள் ஒரு பிடி அரிசியைச் சொம்பில் போட்டுவிட்டு, "எங்க சாமி, மலைக்கா?" என்று கேட்டாள். "மலைக்குத்தாம்மா" என்றார் அவர். அவர் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தார். மழித்த மொட்டைத் தலை.

அவள் என் கையைக் கிள்ளினாள். "போறவனுக்கு ஏதுடி மொட்டை? வர்றவனுக்குத்தானே மொட்டை" என்று என் காதில் சொன்னாள். வருஷா வருஷம் பார்க்கிறோம். போகிறவர்கள் தலைமுடியோடு போவார்கள், மலையில் முடி கொடுத்துவிட்டு மொட்டையாகத் திரும்புவார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தாலும் அது அவள் கண்ணில்தான் பட்டது. "உக்காருங்க சாமி, மோர் குடிச்சிட்டுப் போலாம்" என்று அவரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்தாள். பின்வழியாகக் கழனிக்கு ஆள் போயிற்று.

ஆம்பளைகள் தடியோடு வந்து சேர்ந்தார்கள். எதிர்வீட்டுக்காரி எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்து அவர் துண்டைப் பிடித்து, "என் அண்டா எங்கடா?" என்று உலுக்கினாள். அவர் விழித்தார். மொட்டை ஏன் என்று கேட்டார்கள். அவர் பேசவில்லை. எந்த ஊர் என்று கேட்டதற்குத் தெற்கே கையைக் காட்டினார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் என்பது அவர் சொன்ன நாலு வார்த்தையிலேயே தெரிந்தது. "இந்தத் தெலுங்கு ஆளுங்களே இப்பிடித்தான்" என்று ஒருவர் தெலுங்கிலேயே திட்டினார். இன்னொருவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். சொம்பு சாயாமல் அதை மார்போடு அணைத்துக்கொண்டாரே தவிர, அந்த மனிதர் கையைத் தூக்கவில்லை. மரத்தில் கட்டுவதற்குக் கயிறு கொண்டுவரச் சொன்னார்கள். "கண்ணுன்னா இதுதான் கண்ணு" என்று எல்லாரும் என் ஓரகத்தியைப் புகழ்ந்தார்கள்.

அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "கொஞ்சம் இருங்க" என்றாள். யாரும் இருக்கவில்லை. புருஷன் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு மறுபடியும் சொன்னாள்: "திருடனா இருந்தா, மலைக்குப் போயிட்டுத் திரும்பி வந்துக்கினு இருக்கேன்னு ஒரு பொய் சொல்லியிருப்பான். மொட்டைக்கும் அது பொருந்தும், உங்களுக்கும் வாய் அடைஞ்சிருக்கும். இந்த மனுஷன் அடி வாங்கறாரு, பொய் சொல்லலியே."

பிறகு அவர் எதிரில் போய்க் குந்தி உட்கார்ந்தாள். குரலே மாறிப்போயிருந்தது. "அம்மாவா, நைனாவா?" என்று கேட்டாள்.

"அம்மா" என்றார் அவர். அத்தனை நேரம் அடியைத் தாங்கிக்கொண்டிருந்த மனிதர், அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஆவணிக் கடைசியில் அவருடைய தாயார் செத்துப்போயிருந்தார். அதற்குத்தான் மொட்டை. புரட்டாசியில் நடந்தே வந்து, பிச்சையெடுத்துக் காணிக்கை போடுகிறேன் என்று அந்த அம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாராம். சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது. சொந்தக்காரர்கள் தடுத்திருக்கிறார்கள். இவர் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டார். நிஜத்தைச் சொன்னால் தீட்டுக்காரன் என்று எந்த வாசலிலும் பிச்சை போட மாட்டார்கள் என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

"நான் ஏற மாட்டேம்மா, அந்த அளவுக்குத் தெரியும்" என்றார். "அடிவாரம் வரைக்கும்தான். ஏறிப் போறவங்க யார்கிட்டயாவது சொம்பைக் குடுத்து, உண்டியல்ல போடச் சொல்லிட்டு வந்துடுவேன்."

"யார்கிட்ட?"

"யாராவது. கோவிந்தான்னு போறவங்க யாராவது ஒருத்தர்."

தடி பிடித்த கைகள் தாழ்ந்தன, ஆனால் விவகாரம் முடியவில்லை. தெருவில் மூத்தவர், தீட்டோடு வாசல் வாசலாக வந்தது தப்புதான், வாங்கியதைக் கொட்டிவிட்டு வந்த வழியே போகட்டும் என்றார். சிலர் தலையாட்டினார்கள். அவர் சொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடித்தபோது வராத பயம் அப்போதுதான் அவர் கண்ணில் வந்தது.

என் ஓரகத்தி எழுந்து நின்றாள். "தப்பு என்னுது" என்றாள். "மொட்டையைப் பாத்தேன். அதுக்கு இன்னொரு காரணம் இருக்கும்னு யோசிக்கல. துக்கத்துல வந்த மனுஷனுக்கு அடி வாங்கிக் குடுத்தேன். அரிசி போட்டது நானு, என் வீட்டை நான் கழுவிக்கிறேன். இதுக்கு மேல யாராவது கொட்டச் சொன்னா, என் வாசல்ல காலை வெக்காதீங்க." பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தாத வீடு அது. அவள் புருஷன் என்ன சொல்வாரோ என்று நான் நடுங்கினேன். அவர் தடியைச் சுவரில் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

எதிர்வீட்டுக்காரி விடுவிடுவென்று தன் வீட்டுக்குள் போனாள். வாசலைக் கழுவத் தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். ஒரு முறம் அரிசியோடு வந்து நின்று, "எங்க வீட்டுக்கு நீங்க இன்னும் வரலியே" என்று அவரிடம் நீட்டினாள். அவர் எழுந்து நின்று, தட்டுத் தடுமாறி, கோவிந்தா என்று முழுசாகச் சொன்னார்.

அப்போதுதான் என் ஓரகத்தி இரண்டு கையையும் நீட்டினாள். "அடிவாரத்துல யார்கிட்டயோ குடுக்கறத என்கிட்ட குடுங்க. வர்ற சனிக்கிழமை நாங்க மலைக்குப் போறோம்" என்றாள். நாங்கள் போகிறோம் என்பது எனக்கே அந்த நிமிஷம்தான் தெரியும்.

எனக்கு அவர் கொடுப்பார் என்ற நம்பிக்கை இல்லை. மோர் தருகிறேன் என்று உட்காரவைத்துத் தடியோடு ஆள் கூட்டி வந்தவள் இவள்தான். கன்னத்தில் விரல் பதிந்த தடம் இன்னும் சிவந்திருந்தது. நானாக இருந்தால் அவள் மூஞ்சியில்கூட விழித்திருக்க மாட்டேன்.

அவர் சொம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் கையில் வைத்தார். அவளுடைய பேரை அவர் கேட்கவில்லை. நிச்சயமாகப் போவீர்களா என்று கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெற்கே திரும்பியவர், ஏதோ மறந்துவிட்டது போல நின்றார்.

"அம்மாவுக்கு முட்டி வலிம்மா" என்றார். "மெதுவா ஏறுங்க."

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மலை ஏறினோம். என் ஓரகத்தி வேகமான நடைக்காரி, கூட நடந்தால் எனக்கு மூச்சு வாங்கும். அன்றைக்கு அந்தச் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு படிக்கு ஒரு தரம் நின்றாள். பின்னால் வந்த ஜனங்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். சீக்கிரம் வா என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.