ஒட்டுப்போட்ட பேண்டேஜ்

புரோகிராமிங் போட்டிக்கு விதிகள் எழுதுகிறவர்களுக்கும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கும் ஒரே நம்பிக்கைதான்: யாரும் முழுசாகப் படிக்கமாட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த போட்டிக்கு, இராஜபாளையத்திலிருந்து நானும் என் தோழியும் பஸ்ஸில் போனோம். அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பேண்டேஜ் துணி யூனிட்தான்; அவள் அப்பாவும் ஒன்று வைத்திருப்பவர். மகள் அங்கே உட்கார்ந்து பில் போட வேண்டும் என்பது அவர் திட்டம். அவள் கெஞ்சிக் கூத்தாடியதில், "இந்தப் போட்டில மொதப் பரிசு வாங்கிட்டு வா, அனுப்புதேன்" என்று சொல்லியிருந்தார். வாங்கமாட்டாள் என்ற தைரியம்தான்.

ஒரு கேள்வியைப் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேண்டேஜ் கணக்கு. சில துணி ரோல்களின் நீளமும் ஒரு பேண்டேஜின் நீளமும் தரப்படும். மொத்தம் எத்தனை பேண்டேஜ் கிடைக்கும் என்று புரோகிராம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரோலையும் தனித்தனியாக வெட்டி, மிஞ்சிய துண்டைத் தள்ளிவிட்டுக் கூட்டினோம். மாதிரிக்குக் கொடுத்த எண்களுக்கு விடை சரியாகவே வந்தது. சந்தேகம் இருந்தால் முதல் அரைமணிக்குள் கேட்க வேண்டும் என்று ஒரு விதி. சந்தேகம் இருந்தால்தானே கேட்பதற்கு.

போட்டி முடிந்ததும் நடுவர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் போனால், இராஜபாளையத்து அணிகள் அத்தனையும் வரிசையாக நிற்கின்றன. அந்தக் கேள்வியில் நாங்கள் எல்லோரும் தவறு, அதுவும் ஒரே தவறு. யாரைப் பார்த்து யார் எழுதியது, சொல்லாவிட்டால் எல்லோரையும் போட்டியிலிருந்து நீக்கிவிடுவேன் என்றார். காப்பி அடித்தோமாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தோழியின் முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு ரோல், பத்துப் பத்து மீட்டர். பேண்டேஜ் நாலு மீட்டர். அஞ்சு வரணும். நீங்க எல்லாரும் நாலுங்கிறீங்க."

"அஞ்சாவது எப்படி சார் வரும்?" என்றாள் தோழி.

"ரெண்டு ரோல்லயும் மிஞ்சுறதைச் சேர்த்தா நாலு மீட்டர் ஆச்சே."

இராஜபாளையம் மொத்தமும் சிரித்துவிட்டது.

"சேத்துத் தச்சா தையல் புண்ணுல உறுத்தும் சார். எந்த ஆஸ்பத்திரி வாங்கும்?"

"சேர்க்கக் கூடாதுன்னு கேள்வில இல்லையேம்மா."

"சேக்கலாம்னும் இல்லையே சார்."

அவர் கேள்வித்தாளை எடுத்துப் படித்தார். எழுதியவரே அவர்தான், இருந்தும் மெதுவாகத்தான் படித்தார். காப்பி இல்லை என்று ஒப்புக்கொண்டார். விடை தவறு என்பதில் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அரைமணிக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். முதல் பரிசு வெளியூர் அணிக்குப் போனது. எங்களுக்கு இரண்டாவது.

ஊர் அணிகளில் நாங்கள்தான் முதல் என்று அப்பாவிடம் வாதாட, பஸ்ஸில் தோழி ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். பாதியில் அழுதாள். நான் நடுவரைத் திட்டிக்கொண்டு வந்தேன், வேறென்ன செய்ய.

அவள் அப்பா யூனிட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள்.

"ரெண்டு துண்டயும் சேத்துத் தைக்கச் சொன்னானா?"

"ஆமாப்பா."

"அவன் எந்த ஊருக்காரன்?"

"சென்னை."

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏட்டி, அப்ப நீ கெளம்பு. அங்க வெவரம் தெரிஞ்ச ஆளு ஒண்ணாவது இருக்கணும்ல."