நீலப்பழச் செடிக்குக் கம்பளி போர்த்திய துரை

குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் நான் மேஸ்திரியாகச் சேர்ந்த முதல் நாள், பங்களாவுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே ஈரப்பாசியில் சுற்றிய பத்துச் செடிகள். பனி கொட்டும் தேசத்து ஹனிசக்கிள், நீலப்பழம் காய்க்கும் என்றார் துரை. வெயில் விழும் சுவரோரம் நடச் சொன்னார். மார்கழி பிறந்ததும், குளிரில் செத்துவிடும் என்று கம்பளி போர்த்தி, அனலுக்குக் கரிச்சட்டியும் வைக்கச் சொன்னார். ஆட்களுக்குக் கம்பளி கேட்டால் மட்டும் கிடைக்காது.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய கூலியாள் வீரம்மா அவரிடமே கேட்டுவிட்டாள்.

"பனியில பொறந்த செடிக்கு எதுக்குத் துரை கம்பளி? ஓடைப் பள்ளத்துல வைங்க. அங்கதான் உறைபனி விழுகும்."

"நீ களை பிடுங்கு. செடி நமக்குத் தெரியும்" என்றார் துரை.

"இவளுக்கு என்னங்க துரை தெரியும்?" என்றார் கிளார்க். அவருக்குச் செடியும் தெரியாது, களையும் தெரியாது. தலையாட்டத் தெரியும்.

வாடிய இரண்டு செடிகளைத் துரை பிடுங்கி எறிந்தார். இரண்டும் வேறு வேறு வகை; காய் பிடிக்க அப்படி இரண்டு வேண்டும். வீரம்மா அவற்றைப் பள்ளத்தில் நட்டாள். மூன்று வருடம் பங்களாச் செடிகள் இலை மட்டும் விட்டன. "அடுத்த வருசம் பூத்துரும் துரை" என்று கிளார்க் வருடம் தவறாமல் சொன்னார்.

பள்ளத்துச் செடிகள் மூன்றாம் வருடம் பூத்துக் காய்த்தன. நீளமாக, சாம்பல் பூத்த நீலப்பழம். வீரம்மா எனக்கு ஒன்று தந்தாள். புளிப்பும் இனிப்புமாக இருந்தது.

துரைக்குச் சேதி போயிற்று. வரப்போகும் விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டுமாம். "மேஸ்திரி, வெரசா தோண்டிக் கொண்டா" என்று கிளார்க் விரட்டினார்.

வீரம்மா செடிக்கு முன்னால் நின்றாள். "அண்ணே, காய்ப்புல வேரைக் கிளப்புனா செத்துரும். ஒங்களுக்குத் தெரியும்ல? நீங்க சொல்லுங்களேன்."

எனக்குத் தெரியும். "எஞ் சோலி இது, ஆத்தா" என்று சொல்லி மண்வெட்டியை வேரடியில் இறக்கினேன்.

பங்களாவுக்கு மாற்றிய செடிகளில் விருந்தாளிகள் வருவதற்குள் பழம் உதிர்ந்து, இலை கருகிவிட்டது. மலைமண் சரியில்லை என்றார் துரை. "ஆமாங்க துரை" என்றார் கிளார்க். வீரம்மா கூலிக் கணக்குக்கூடக் கேட்காமல், மலையை விட்டுத் தேவாரம் ஊருக்கு இறங்கிப் போனாள்.

துரையையும் கிளார்க்கையும் கேலி செய்து ஊராரைப் பலமுறை சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருந்தது. புதிதாக மேஸ்திரி வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த மூன்று பேரில் கேவலமானவன் மண்வெட்டி பிடித்தவன்தான்.