நூல் சுத்தின கைங்க

நம்ம ஊருக்குக் கரண்ட் வெளக்கு வந்துச்சே, அந்த வருஷம்தான். மார்க்கெட்டாண்ட கம்பத்துல எரியறதப் பாக்க ஜனம் சாயங்காலமே போய் நிக்கும். நானும் எம்பொஞ்சாதியும் போனோம். அண்ணாந்து பாத்துட்டு, "எண்ணெ ஊத்த எப்படி ஏறுவாங்க?"ன்னு கேட்டா. அத விடுங்க. நான் சொல்ல வந்தது அவ வளையலப் பத்தி.

மல்லேஸ்வரத்துக்கு அந்தண்ட ஒரு மில்லு, ரெண்டு பேருக்கும் அங்கதான் வேலை. நான் நூல் கூடை தூக்குவேன். அவ பொம்பளைங்களோட மிஷின்ல நூலச் சிட்டம் சிட்டமா சுத்துவா. கண்ணாடி வளையலோட மிஷின்கிட்ட போவக் கூடாது. ஒடைஞ்சு நூல்ல விழுந்தா இன்னொருத்தி வெரல் கிழியும். அதனால எல்லாரும் வாசல்லயே கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போவாங்க.

அவளுக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டோம். பெத்தெடுக்கற வரைக்கும் அந்த வளையலக் கழட்டக் கூடாது இல்லையா? அதுக்கு முன்னால ரெண்டு கொழந்தை தங்கல. "கழட்டிடாதம்மா"ன்னு எங்கம்மா அழுவறாங்க. மேஸ்திரியோ பாதி கன்னடத்துல, "வளையல் பேக்கா, கெலசா பேக்கா? வளையல் வேணுமா, வேலை வேணுமா? நாளைக்குக் கையில கண்ணாடியப் பாத்தா வீட்டுக்குப் போயிடு"ன்னுட்டான். வேலையும் போவக் கூடாது, வளையலும் கழலக் கூடாது. அவ சோறே திங்கல.

மறுநாள் கூடையோட உள்ள போனவன் அப்படியே நின்னுட்டேன், சாமி! அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொருத்தி கையிலயும் மணிக்கட்டுலேர்ந்து முழங்கை மட்டும் வேஸ்ட் நூல இறுக்கிச் சுத்தியிருக்கு. வெள்ளை வெளேர்னு. எதுக்குள்ள வளையல், எது வெறுங்கைன்னு கட்டுன புருஷன் எனக்கே தெரியல.

மேஸ்திரி வந்தான். "ஏனம்மா, எல்லாருக்கும் கை முறிஞ்சு போச்சா?"

"குளுருதுங்க"ன்னா ஒருத்தி. உள்ள அடுப்பு மாதிரி காயுது, முகமெல்லாம் வேர்வை!

"பிரிங்க, பாக்கணும்."

"நீயே பிரிச்சுக்கோ. யாரு கைய மொதல்ல தொடப் போற?"ன்னா இன்னொருத்தி.

நாலு பேர் பாக்க எவ கையத் தொடுவான்? மேலயும் கீழயும் பாத்தான். "கெலசா மாடி, கெலசா மாடி, வேலையப் பாருங்க"ன்னு போயிட்டான்.

அந்த ஒரு நாளோட விடல. அவளுக்கு வலி எடுக்கற வரைக்கும் தெனமும் அத்தன பேரும் சுத்திக்கிட்டாங்க. கையெல்லாம் வேர்க்குரு. யாரு சொல்லிக் குடுத்தா? யாரு கூப்ட்டா?

பொம்பளைக் கொழந்தை. அது அழுத சத்தம் கேட்டப்புறந்தான் அவ கையில சுத்தியிருந்த நூலப் பிரிச்சோம். ஒரு வளையல்கூட ஒடையல.

அந்தப் பொண்ணு இப்ப கொழந்தைங்களப் பெத்து வளத்துட்டா. எனக்கு எழுதத் தெரியாது, வாயால சொல்லிட்டேன். உங்க வீட்டுல எவளுக்காவது வளையல் அடுக்கறப்போ, அந்தப் பொம்பளைங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க.