விளிம்பில் தெரிந்த வெள்ளைக் கோடு

போன வருஷம் தை மாதம் நடந்தது இது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் மகள் கல்யாணத்துக்காக நாங்களே நெய்த புடவையை அப்போதுதான் தறியிலிருந்து அறுத்து பீரோவில் வைத்திருந்தோம்.

அன்று காலை, வெளிநாட்டுக்காரர்களைத் தறி பார்க்க அழைத்துவரும் புரோக்கர் ஒருவர் வந்தார். கையில் ஒரு அமெரிக்கக் கால் டாலர் காசு. ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் செம்பு நிறம். நடுவில் செம்பு, மேலும் கீழும் வெள்ளைத் தகடு என்று ஒட்டிய பாளத்திலிருந்துதான் அந்த ஊர்க் காசை வட்டமாக வெட்டி எடுப்பார்களாம். இதில் ஒரு பக்கத் தகடு உரிந்துபோய், அப்படியே அச்சாகிவிட்டதாம்.

"லட்சத்துல போவும்ணா. எனக்கு அவசரம். அன்னிக்கித் தறியில பாத்த அந்தப் புடவையக் குடுத்துட்டு இத்த வெச்சுக்கோ" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. லட்சத்துக்குப் போகிற பொருளை எவனாவது ஒரு புடவைக்குக் கொடுப்பானா? என் வீட்டுக்காரரோ காசின் விளிம்பை ஊசியால் சுரண்டிப் பார்த்தார். சரிகையை அப்படித்தான் பார்ப்போம். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அசல்.

"உள்ள செகப்பு இருக்குது பாரும்மா, அசல்தான்" என்று பீரோ சாவியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, புடவை ஆர்டர் கொடுக்க ஒரு தம்பதி வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்தவர்களாம். கணவர் காசை வாங்கிப் பார்த்துவிட்டு, "மேல செப்பு முலாம் பூசினாப்பல இருக்குதுங்க" என்றார்.

எனக்கு அவர் மேலும் சந்தேகம். மட்டம் தட்டிவிட்டு, அப்புறம் இவரே சல்லிசாக அமுக்கப் பார்க்கிறாரோ? "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் மாறவில்லை. பர்ஸிலிருந்து சாதாரணக் கால் டாலர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "என்னை நம்ப வேணாம்மா. ரெண்டு விளிம்பையும் நீங்களே பாருங்க."

இழை எண்ணும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். அவர் காசின் விளிம்பில் வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்பு, மறுபடி வெள்ளைக் கோடு. புரோக்கர் காசிலும் அதேதான். ஒரு தகடு உரிந்திருந்தால் அந்தப் பக்கத்து வெள்ளைக் கோடு இருக்கவே கூடாதே! உள்ளே சிவப்பு எல்லாக் காசிலும்தான் இருக்கிறது. சரிகை நிறுக்கும் தராசில் இரண்டையும் தட்டுக்கு ஒன்றாகப் போட்டோம். தகடு போன காசு எடை குறைய வேண்டும். முள் அசையவில்லை.

நிமிர்ந்தால், புரோக்கர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒருத்தன் குடுத்ததுதாம்மா" என்று முணுமுணுத்தபடி காசை வாங்கிக்கொண்டு போனார். ஏமாற்ற வந்தாரா, ஏமாந்து வந்தாரா, இன்றுவரை தெரியாது.

மகள் அந்தப் புடவையோடு மணையில் உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரையும் சட்டென்று நம்பாத என் குணம் இன்னும் போகவில்லை. ஆனால் முகத்துக்கு நேரே சந்தேகப்பட்ட என் கையிலேயே காசை வைத்து, நீங்களே பாருங்கள் என்று பொறுமையாக நின்ற அந்த மனிதரை நினைத்தால் இன்றும் கை தானாகக் குவிகிறது.