ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஓர் இரைச்சல்

என் மனைவி வதனி இன்று முதன்முதலாகத் தானே ஒரு ஹெட்போன் அம்ப்ளிஃபயர் செய்து முடித்தாள். தமிழர் வீட்டு வழக்கப்படி, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் அதைப் பூட்டியிருந்தாள்.

காதில் மாட்டினால் பாட்டோடு சேர்ந்து "ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல். அவள் முகம் வாடிவிட்டது.

நோர்வேயிலேயே திராமன் நகரில் இருக்கும் நண்பன் குமரனுக்குப் போன் எடுத்தேன். அவன் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவன்.

"மச்சான், வொலியூம் திருகியின்ரை இரும்பிலை விரலை வைச்சுப் பார்."

வைத்தேன்.

"நிண்டிட்டுது!" என்று வதனி துள்ளினாள்.

"அப்ப அந்த இரும்புக்கு எர்த் குடுக்கேல்லை. தகரப் பேணிக்குள்ளை பூட்டியிருந்தால் தப்பியிருக்கும். ஒரு வயரை ஈயம் வைச்சு ஒட்டினால் சரி."

வீட்டில் ஈயம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடையும் பூட்டு.

விரலை எடுத்தேன்.

"ஐயோ, எடுக்காதேங்கோ!"

"நீரே தொட்டுக்கொண்டு கேளுமன்."

"என்ரை ரெண்டு கையிலையும் பின்னல் ஊசி இருக்கெல்லோ?"

அவள் பின்னுவது எனக்கான ஸ்வெட்டர். விரலைத் திரும்பவும் திருகியில் வைத்தேன்.

ஒரு மணித்தியாலமாகிறது. ஒரு விரல் திருகியில். மற்றக் கையால் இதை எழுதுகிறேன். அவள் தலையாட்டித் தலையாட்டிப் பின்னுகிறாள்.

சற்று முன், கதிரையில் கிடந்த என் ஜாக்கெட் பைக்குள் கைவிட்டபோது ஒரு புது ஈயச்சுருள் தட்டுப்பட்டது. அவளுக்காக நானே வாங்கி மறந்தது.

சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டேன். தயவுசெய்து இந்தப் பதிவுக்கு லைக் போட்டு அவள் கண்ணில் படவைத்துவிடாதீர்கள்.